படம் வந்தது, டைரக்டரைக் காணோம்: புளூ-ரேயின் குட்டிப் படத்தைக் காப்பாற்ற நான்கு வழிகள்

“ஏனுங்ணா, படம் முழுசா வந்துருச்சு. ஓரத்துல பேசுற டைரக்டரைத்தான் காணோம்.”

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு தம்பி போனில் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். தொழில் விஷயமாக வெளிநாடு போகும்போதெல்லாம் புளூ-ரே டிஸ்க் வாங்கி வந்து சேர்த்தவர். பிளேயர் பழுதாகிவிட்டதால் எல்லாவற்றையும் கோப்புகளாக மாற்றிக்கொண்டிருந்தார். அதே வாரத்தில் கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆசிரியை கேட்டார்: “சார், காட்சி ஓடும்போதே ஒளிப்பதிவாளர் மூலையில் வந்து லைட்டிங்கை விளக்குகிறாரே, அதை வகுப்பில் காட்டணும். எப்படி எடுக்கிறது?”

இருவர் கேட்டதும் ஒரே பொருளைத்தான். ஆனால் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு விஷயம். பிக்சர்-இன்-பிக்சர் என்கிற அந்தக் குட்டிப் படம் பெரும்பாலான டிஸ்குகளில் படத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்காது. அது தனி வீடியோ, தனி ஒலி. பிளேயர்தான் ஓடும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. 2007 நவம்பர் 1-க்குப் பிறகு அறிமுகமான புளூ-ரே பிளேயர்களுக்கு இந்த வசதி கட்டாயமானது; போனஸ்வியூ என்று பெயர். மாற்றும் மென்பொருள்கள் பலவும் முதன்மைப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும். ஹேண்ட்பிரேக் போன்றவை ஒரு கோப்புக்கு ஒரு வீடியோ தடம்தான் வைக்கும். டைரக்டர் காணாமல் போனது அதனால்தான்.

## முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

டிஸ்கில் எந்த வகையில் இருக்கிறது? மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். மூன்று வகை உண்டு. முதல் வகையில், குட்டிப் படம் பெரிய படத்தின் எம்2டிஎஸ் கோப்புக்குள்ளேயே (புளூ-ரேயில் வீடியோவும் ஒலியும் இருக்கும் கோப்பு வகை) கலந்திருக்கும். இரண்டாவது வகையில், தனி எம்2டிஎஸ் கோப்பாக இருக்கும். சில டிஸ்குகளில் ஒரே நீளக் கோப்பு, சிலவற்றில் ஓரிரு நிமிடத் துண்டுகளாகப் பல. எந்தத் துண்டு எப்போது வர வேண்டும் என்பதை எம்பிஎல்எஸ் என்ற பிளேலிஸ்ட் கோப்பு சொல்லும். மூன்றாவது வகை பழைய டிஸ்குகள் சிலவற்றில் உண்டு: பிளேயர்களில் இந்த வசதி வருமுன், குட்டிப் படம் ஒட்டிய இன்னொரு முழுப் பிரதியையே டிஸ்கில் வைத்தார்கள். உங்களிடம் இருப்பது இந்த மூன்றாவது வகை என்றால் கவலையே வேண்டாம். அந்தப் பிளேலிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல மாற்றினால் போதும், கீழே உள்ள எதையும் படிக்கத் தேவையில்லை.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டிஎஸ்மக்ஸர் (tsMuxeR) என்ற மென்பொருளில் பெரிய எம்2டிஎஸ் கோப்பைத் திறந்து தடங்களின் அடையாள எண்களைப் பாருங்கள். ஹெக்ஸ் எண்ணில் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறை) 1பி என்று தொடங்கினால் துணை வீடியோ, 1ஏ என்று தொடங்கினால் துணை ஒலி. அங்கே இல்லையென்றால், டிஸ்கின் எம்2டிஎஸ் கோப்புகள் இருக்கும் ஸ்ட்ரீம் போல்டரில் உள்ள மற்றக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்கைக் கோப்பாக எடுக்கும் மேக்எம்கேவி மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 120 விநாடிக்குக் குறைவான துண்டுகளை அது காட்டாமல் விடும்படிதான் முதலில் அமைந்திருக்கும். அந்த எண்ணைக் குறைத்தால் ஒளிந்திருந்தவை வெளியே வரும்.

எங்கே, யார் பார்க்கப் போகிறார்கள்? கம்ப்யூட்டரில் நீங்கள் மட்டுமா, ஹாலில் டிவியில் அம்மா அப்பாவோடா, வகுப்பறை புரொஜெக்டரிலா?

நேரப் பொருத்தம் எவ்வளவு முக்கியம்? “இந்த ஷாட்டில் கதவுக்குப் பின்னால் பாருங்கள்” என்று ஒருவர் சொல்கிறார் என்றால், ஒரு விநாடி தள்ளினாலும் அந்தக் கதவு போய்விட்டது. வெறும் பேட்டி என்றால் பொருத்தம் தேவையே இல்லை.

பின்னால் மனம் மாறினால் திரும்பி வர முடியுமா? எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். டிஸ்க் கீறல் விழும், டிரைவ் கெடும். அந்தத் திருப்பூர்த் தம்பியின் டிரைவைக் கழற்றியபோது லென்ஸைச் சுற்றி மெல்லிய பஞ்சு படிந்திருந்தது. வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடுகிறது. இன்று படிக்கிற டிஸ்க் அடுத்த வருஷமும் படிக்கும் என்று நம்பி ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இடமும் உழைப்பும் இவற்றுக்கு அப்புறம்தான்.

## வழி 1: முழு டிஸ்கையும் அப்படியே எடுத்து வைப்பது

ஐஎஸ்ஓவாகவோ (டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக்கிய பிரதி), முழு போல்டராகவோ. மெனு, குட்டிப் படம், அது வர வேண்டிய இடம், அளவு, நேரம் என்று எதுவும் தொலையாது. ஒருமுறை டிஸ்கைச் செருகிவிட்டுப் போய் வேறு சோலியைப் பார்க்கலாம். உழைப்பு மிகக் குறைவு.

செலவு கண்ணுக்குத் தெரிவது: இரட்டை அடுக்கு டிஸ்க் 50 ஜிபி வரை போகும். 4 டிபி ஹார்ட் டிஸ்கில் முழுசாக நிரம்பிய புளூ-ரேக்கள் 80 தான் கொள்ளும். பிரதி எடுத்து வைக்க இன்னொரு 4 டிபி வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு பார்க்கும்போது வரும். எடுத்து வைத்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் குட்டிப் படத்தோடு காட்ட போனஸ்வியூ புரிந்த பிளேயர் மென்பொருளோ கருவியோ வேண்டும். சாதாரண மீடியா பிளேயரில் பெரிய படம் மட்டும்தான் ஓடும்.

சரியான கருவி இருந்தாலும் ஒலியில் ஒரு முடிச்சு உண்டு. பெருந்துறையில் ஒரு நண்பர் வீட்டில் இதைப் பார்த்தேன். மூலையில் டைரக்டர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். சத்தம் மட்டும் இல்லை. நண்பரின் அப்பா, “ரிமோட்டைக் கொஞ்சம் கூட்டி வை கண்ணு” என்கிறார். கூட்டினால் படத்தின் இசைதான் கூடுகிறது. பிளேயர் முதன்மை ஒலியை அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும்படி வைத்திருந்தார்கள். அப்படி அனுப்பும்போது துணை ஒலி அதில் கலக்காது. செட்டிங்கில் துணை ஒலி அல்லது ஆடியோ மிக்ஸ் என்று இருப்பதை ஆன் செய்ததும் குரல் வந்தது. அதற்கு விலை, உயர்தர ஒலி சாதாரண டால்பி அல்லது டிடிஎஸ்ஸாகக் குறைந்து வரும். குட்டிப் படம் பார்க்கும்போது மட்டும் ஆன் செய்துகொண்டால் நஷ்டமில்லை.

அரிய டிஸ்க், மறுபடி வாங்க முடியாத டிஸ்க், படிக்கத் திணறும் டிஸ்க் இவற்றுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். மற்ற மூன்று வழிகளையும் இந்தப் பிரதியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இதிலிருந்து அவற்றுக்குப் போகலாம். அவற்றிலிருந்து இதற்கு வர முடியாது.

## வழி 2: குட்டிப் படத்தைத் தனிக் கோப்பாக எடுப்பது

பெரிய படத்தை ஒரு கோப்பாகவும், டைரக்டர் பேசுவதை இன்னொரு கோப்பாகவும் வைத்துக்கொள்வது. இடம் பெரிதாகத் தேவையில்லை. குட்டிப் படம் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் 2 மணி நேரத்துக்கு 1.8 ஜிபிதான் ஆகும். போனில் போட்டுக்கொண்டு ஈரோடு போகும் ரயிலில்கூடப் பார்க்கலாம்.

தனிக் கோப்புகளாக இருக்கும் இரண்டாவது வகை டிஸ்குக்கு இது மிகச் சுலபம். எடுத்து எம்கேவியில் (வீடியோ, ஒலி, சப்டைட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் கோப்பு வகை) போட்டால் முடிந்தது. படத்துக்குள் கலந்திருக்கும் முதல் வகையில்தான் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

துணை வீடியோவை எந்தப் பெட்டிக்குள்ளும் வைக்காமல் வெறும் வீடியோ தடமாகப் பிரித்தெடுத்தேன். இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு வந்தது ஐம்பது நிமிடக் கோப்பு. சரி, டைரக்டர் இடையிடையேதான் பேசுகிறார், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்து மூலக் கோப்பை அழித்துவிட்டேன். படத்தோடு சேர்த்து ஓட்டியபோதுதான் தெரிந்தது. டைட்டில் ஓடும்போதே மழைக் காட்சியைப் பற்றிப் பேசுகிறார். வெறும் தடமாகப் பிரிக்கும்போது நேர முத்திரைகள் கழன்றுவிடும். பேச்சுக்கு இடையில் இருந்த இடைவெளிகள் எல்லாம் மூடிக்கொண்டு, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. எந்தப் பேச்சு எந்தக் காட்சிக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

அதனால் வெறும் தடமாக எடுக்காதீர்கள். எம்2டிஎஸ், டிஎஸ் அல்லது எம்கேவி போன்ற நேர முத்திரை தாங்கும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஃபிரேம் வேகத்தையும் சரிபாருங்கள். படம் விநாடிக்கு 23.976 ஃபிரேம், அதை 24 என்று எழுதிவிட்டால் 2 மணி நேரத்தின் முடிவில் 7 விநாடி தள்ளிப்போகும். 25 என்று எழுதினால் கிட்டத்தட்ட 5 நிமிடம்.

ஒலி இன்னொரு பொறி. துணை ஒலி பெரும்பாலும் டிடிஎஸ் எக்ஸ்பிரஸ் அல்லது டால்பி டிஜிட்டல் பிளஸ். டிடிஎஸ் எக்ஸ்பிரஸ் பல டிவிகளில் ஊமைதான். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிவியில் டிடிஎஸ் ஆதரவையே எடுத்துவிட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருள் 2016-லிருந்து இதைப் படிக்கும் என்பதால், ஏஏசி என்ற பொதுவான ஒலி வகையாக மாற்றி ஒரு தடம் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். மூலத் தடத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

சப்டைட்டிலையும் மறக்காதீர்கள். குட்டிப் படத்தின் பேச்சுக்கென்று தனி சப்டைட்டில் தடம் பல டிஸ்குகளில் உண்டு, பெரிய படத்தின் தடங்களோடு கலந்து. வேகமான ஆங்கிலத்தைச் சப்டைட்டிலோடுதான் பின்தொடர முடியும் என்பவர்களுக்கு அது இல்லாமல் பாதி போச்சு.

இந்த வழி பேட்டி வகைக்குப் பொருந்தும். ஷாட்டைச் சுட்டிக்காட்டிப் பேசும் வகைக்குப் பொருந்தாது. மேலும், சில டிஸ்குகளில் குட்டிப் படத்தின் கறுப்புப் பகுதியை ஒளி அளவு பார்த்து ஊடுருவித் தெரியும்படி பிளேயர் மறைக்கும். தனியே எடுத்தால் அந்த இடம் வெறும் கறுப்புப் பெட்டியாக நிற்கும்.

## வழி 3: ஒரே எம்கேவிக்குள் இரண்டு வீடியோ தடங்கள்

எனக்கு மனசுக்குப் பிடித்தது இது. பெரிய படமும் குட்டிப் படமும் தனித்தனித் தடங்களாக ஒரே கோப்பில் இருக்கும். மறு என்கோடு (வீடியோவை மறுபடி சுருக்கி எழுதுவது) கிடையாது, தரம் குறையாது. எம்பிவி பிளேயரில் இரண்டு தடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதினால் மூலையில் டைரக்டர் வந்துவிடுவார். வேண்டாமென்றால் அந்த வரி இல்லாமல் திறந்தால் சுத்தமான படம்.

நேரத்தைப் பொருத்துவதுதான் வேலை. கலந்திருக்கும் வகையில் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் தானாகவே பொருந்தும். தனிக் கோப்பு வகையில், எம்பிஎல்எஸ் கோப்பைப் படிக்க வேண்டும். லிப்புளூரே என்ற புளூ-ரே படிக்கும் மென்பொருள் தொகுப்போடு வரும் எம்பிஎல்எஸ் டம்ப் என்ற சிறு கருவி அதை விரித்துக் காட்டும். அங்கே வரும் நேரங்கள் விநாடிக்கு 45,000 என்ற கணக்கில் இருக்கும். படம் 2,70,00,000-இல் தொடங்குகிறது, குட்டிப் படம் 3,51,00,000-இல் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 81,00,000, அதை 45,000-ஆல் வகுத்தால் 180 விநாடி. எம்கேவி சேர்க்கும்போது குட்டிப் படத்துக்கும் அதன் ஒலிக்கும் மூன்று நிமிடத் தாமதம் கொடுங்கள். எந்த மூலையில், எந்த அளவில் வர வேண்டும் என்பதும் அதே கோப்பில் எழுதியிருக்கும்.

குறை இரண்டு. ஒன்று, இப்படிச் சேர்த்துக் காட்டுவது எம்பிவி போன்ற ஓரிரு பிளேயர்களில்தான். டிவியில் செருகும் பென்டிரைவில் முதல் தடம் மட்டும் ஓடும். இரண்டு, இடைவெளிகளில் கடைசி ஃபிரேம் அப்படியே நிற்கும். டைரக்டர் பேசி முடித்துப் பத்து நிமிடம் ஆனாலும் பாதி திறந்த வாயோடு மூலையில் உறைந்திருப்பார். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை காட்ட வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். முப்பது நாற்பது துண்டுகள் இருந்தால் இந்த வழி நொண்டும்.

## வழி 4: படத்தின் மேல் ஒட்டி மறுபடி என்கோடு செய்வது

எஃப்எஃப்எம்பெக்கின் ஓவர்லே வசதியிலோ, கல்யாண வீடியோ எடிட் செய்யும் எந்த மென்பொருளிலோ இதைச் செய்யலாம். முடிந்ததும் எங்கே போட்டாலும் ஓடும்: டிவி, போன், வகுப்பறை லேப்டாப். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். அதன் பலம் அதுதான், சாதாரணப் பலம் இல்லை.

கரண்ட் செலவை எண்ணிப் பயப்படுகிறவர்களுக்கு: 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 8 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். அது ஒன்றுமில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்துகிறார்களே, அதுதான் ஆபத்து. ‘நாளைய மின்தடை’ பட்டியலில் உங்கள் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராத்திரி தொடங்குங்கள். எழுதும் கோப்பு எம்கேவியாக இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் எம்கேவியில் அதுவரை ஆனது ஓடும், எம்பி4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது.

உண்மையான செலவு ஒலிக் கலவையில் இருக்கிறது. டைரக்டர் குரலைப் படத்தின் ஒலியோடு சும்மா கூட்டினால் சண்டைக் காட்சியில் குரல் அமுங்கும். குரல் வரும்போது மட்டும் படத்தின் ஒலி தானாகத் தணியும்படி சைட்செயின் கம்ப்ரெஸர் வைக்க வேண்டும். அதைக் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது ஆகும்.

மறைந்த மூலை திரும்பி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒட்டியது ஒட்டியதுதான். அதனால் சுத்தமான படத்தை வேறாக வைத்தே ஆக வேண்டும். ஒரே படத்துக்கு இரண்டு பெரிய கோப்புகள்.

எச்டிஎம்ஐ கேப்சர் கார்டில் பிளேயரின் திரையையே பதிவு செய்யலாமே என்றும் கேட்கிறார்கள். புளூ-ரே பிளேயரின் எச்டிஎம்ஐ வெளியீட்டில் பதிவு செய்வதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு இருக்கும், கேப்சர் கார்டில் கறுப்புத் திரைதான் வரும். அதை விட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | முழுப் பிரதி | தனிக் கோப்பு | இரண்டு தடம் | ஒட்டியது |
|---|---|---|---|---|
| நேரப் பொருத்தம் | முழுசாக | இல்லை | உண்டு | உண்டு |
| இடம் | 50 ஜிபி வரை | மிகக் குறைவு | படம் + ஓரிரு ஜிபி | இன்னொரு முழுப் படம் |
| உழைப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம், ஒருமுறை | மிக அதிகம் |
| டிவியில் குட்டிப் படம் | தகுந்த கருவி இருந்தால் | தனியாக ஓடும் | வராது | வரும் |
| மனம் மாறினால் | எல்லாம் முடியும் | ஓரளவு | பெரும்பாலும் முடியும் | முடியாது |

## சட்டம் பற்றி ஒரு வார்த்தை

கடையில் வாங்கும் டிஸ்குகளில் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏஏசிஎஸ் என்ற டிஜிட்டல் பூட்டு இருக்கும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறந்து உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கன்வெர்ஷன் கடை வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் படியுங்கள். சொந்த டிஸ்க், சொந்த உபயோகம் என்ற எல்லைக்குள் நில்லுங்கள். எடுத்ததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

## கேட்ட இருவருக்கும் நான் சொன்னது

திருப்பூர்த் தம்பியிடம் இருப்பது ஐம்பது சொச்சம் டிஸ்குகள். அவற்றில் குட்டிப் படம் இருப்பது பதினொன்றுதான். அந்தப் பதினொன்றுக்கு மட்டும் முழுப் பிரதி, மற்றவற்றுக்கு வழக்கமான எம்கேவி. அவர் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார் என்பதால், மிகப் பிடித்த மூன்றுக்கு மூன்றாவது வழி. இடம் போதவில்லையே என்றார். பதினொன்றும் முழுசாக 50 ஜிபி என்றாலே 550 ஜிபிதான், தம்பி, என்றேன்.

ஆசிரியைக்கு முழுப் படமே தேவைப்படவில்லை. அவர் வகுப்பில் காட்டப் போவது ஆறு காட்சிகள். அந்த ஆறை மட்டும் வெட்டி, நான்காவது வழியில் ஒட்டச் சொன்னேன். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம் என்பதால் ஒலிக் கலவையும் எளிது. போன சனிக்கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார். வெயில் உள்ளே வராமல் ஜன்னலில் போர்வை கட்டிய வகுப்பறை, திரையின் வலது மேல் மூலையில் ஒளிப்பதிவாளர் விளக்கைச் சுட்டிக்காட்டுகிறார். முன் வரிசையில் ஒரு பையன் நோட்டில் அந்த விளக்கு இருக்கும் இடத்தை வரைந்துகொண்டிருந்தான்.